ஆறும் ஒன்பதும்

பென்னாகரம் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு,
இரவு பத்தேகால்.
ஆறாம் கட்டிலில் ஒரு மாதம்மாள்,
ஒன்பதில் இன்னொரு மாதம்மாள்.
எங்கள் பக்கம் இதில் அதிசயமில்லை,
தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால்
நாலு பேர் திரும்புவார்கள்.

ஏரியூர் மாதம்மாளுக்குச் சர்க்கரை.
படுக்கும் முன் இன்சுலின், பன்னிரண்டு யூனிட்.
பாப்பாரப்பட்டி மாதம்மாளுக்குக் குடலிறக்கம்.
விடிந்தால் ஆபரேஷன், ராச்சாப்பாடு கிடையாது.

மணிக்கட்டில் பட்டை கட்டிய அன்று
ஏரியூர்க்காரி கேட்டாள்:
"பிஸ்கட் பாக்கெட்டுல இருக்கற கோடாச்சே இது,
எனக்கு என்ன வெல போட்டிருக்கு?"
வார்டே சிரித்தது. நானும்தான்.

மருந்து, அளவு, நேரம் என்று
வாய்க்குள் முணுமுணுத்தபடி
ஆறாம் கட்டிலுக்குப் போனேன்.
"மாதம்மாளா?"
"ஆமா."
"வீட்டுக்காரர் முனியப்பன்?"
அரைத் தூக்கத்தில், "ஆமாங்க."
படித்த முறைப்படி எல்லாம் சரி.
ஜாக்கெட் கையை ஏற்றிவிட்டேன்.
பஞ்சு தயார்.

பட்டையில் கருவியைக் காட்டினேன்.
சிவப்பு.

சார்ஜ் குறைந்திருக்கும்.
முனையைச் சேலைத் தலைப்பில் துடைத்து
மறுபடி காட்டினேன்.
சிவப்பு, கூடவே கரகரவென்று ஒரு சத்தம்.

ஒன்பதிலிருந்து குரல் வந்தது:
"காத்தாடிக்கு நேரா படுத்தா எனக்கு ஆவாது சிஸ்டர்.
அதான் நானும் அந்தம்மாவும் எடம் மாத்திக்கிட்டோம்.
தப்புங்களா?"

தப்பில்லை என்றேன்.
ஊசி என் கையில்தான் இருந்தது,
மூடி கழற்றியபடி.
வெறும் வயிற்றில் பன்னிரண்டு யூனிட்.
இரண்டு மணிக்கு மேல் வியர்த்திருப்பாள்.
நல்ல தூக்கம் என்று
போர்வையை இழுத்துவிட்டுப் போயிருப்பேன்.

ஒன்பதாம் கட்டிலில் பச்சை எரிந்தது, போட்டேன்.
பிறகு பதிவேட்டை எடுத்தேன்.
"ஒண்ணும் ஆகலையே, எதுக்கு எழுதி மாட்டிக்கிறே?"
என்றாள் ஆரோக்கியசீலி.
முழுசாய் எழுதினேன்.
கட்டில் எண், காத்தாடி, முனியப்பன்கள் இருவர்.
பாதிப்பு என்ற கட்டத்தில்: இல்லை.

கருவி வந்து ஐந்து மாதம்.
நான் வந்து பதினோரு வருடம்.
அத்தனை வருடமும்
எந்த மணிக்கட்டும் என்னை மறித்துச் சிவந்ததில்லை.
அதை என் கவனம் என்று நினைத்திருந்தேன்.

காலை ஏழரைக்கு
பாப்பாரப்பட்டி மாதம்மாளைத் தியேட்டருக்குத் தள்ளிப் போனார்கள்.
லிஃப்ட் வாசலில் என்னைப் பார்த்து,
கொஞ்சம் குறையாகத்தான் கேட்டாள்:
"ராத்திரி ஊசியோட வந்துட்டு
போடாமலே போயிட்டீங்களே,
மறந்துட்டீங்களா?"