இரண்டாவது சாவி

சின்னப்பாலத்துச் சபையின் காணிக்கைப் பெட்டிக்கு
இரண்டு பூட்டு, இரண்டு சாவி.
மூன்று வருடமாக இரண்டும் என் சட்டைப்பையில்.
யாரும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.
சவுகரியம் என்று ஒன்று இருக்கிறதே,
அது உள்ளே நுழையக் கதவே வேண்டாம்.

தடைக்காலத்தின் முப்பதாம் நாள் இருக்கும்.
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன.
இரவு பத்து மணிக்கு ஒருத்தி வந்தாள்.
பெயர் சொல்ல மாட்டேன்,
அன்றும் சொல்லவில்லை, அதுதான் வினையே.
மகனை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.
ஆட்டோக்காரன் வாசலில் ஹாரன் அடிக்கிறான்.
பெட்டியைத் திறந்தேன்.
இரண்டாயிரத்து முந்நூறு.
எண்ணிக் கொடுத்தேன், ஜெபித்தேன், பூட்டினேன்.
எழுதவில்லை.

மாதக் கடைசியில் கணக்கு.
பொருளாளர் தபீத்தாள்
பாசி எடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள்.
கண்ணாடி அழுத்திய வட்டம் முகத்திலிருந்து இன்னும் போகவில்லை.
பாறை கிழித்த விரல்களால்
மூன்று முறை எண்ணினாள்.
"ஐயா, ரெண்டாயிரத்து முந்நூறு குறையுது."
"ஒருத்தருக்குக் கொடுத்தேன்."
"சரி. எழுதுனீங்களா?"

அந்த ஒரு சொல்லுக்கு என் காது சுட்டது.
பதினோரு வருட ஊழியம்.
புயலுக்குப் பறந்த ஓட்டைச் சொந்தக் காசில் மாற்றியவன்.
என்னையா?
செயலாளர் ஏனோக்கு
ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு
நாவடக்கம் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன்.
அவள் தலை குனியவில்லை.
நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.
கோபத்தோடு ஏறினால்
பிரசங்கபீடம் ஓர் அடி உயர்ந்துவிடுகிறது.
இறங்கும்போதுதான் கால் தேடும்.

மறுநாள் விடியலில் மன்னிப்புக் கேட்கப் போனேன்.
இல்லை, பொய். விளக்கம் சொல்லப் போனேன்.
கச்சான் காற்று மணலை முகத்தில் எறிந்தது.
பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள்,
காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.
வள்ளத்தில் ஏறுமுன் தபீத்தாள் விரலை நீட்டி எண்ணினாள்.
பதினாறு.
நான் போகாமல் நின்றுகொண்டே இருந்தேன், ஏனென்று தெரியவில்லை.
வெயில் உச்சிக்கு வந்தபோது வள்ளம் திரும்பியது.
கட்டக்கோரை மூட்டைகளுக்கு நடுவில் நின்று
மறுபடி எண்ணினாள்.
பதினாறு.
யாரும் கோபப்படவில்லை.
"என்னை ஏன் எண்ணுகிறாய்" என்று
ஒருத்தியும் கேட்கவில்லை.

நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்:
"நீங்க எடுத்தீங்கன்னு நெனைக்கல ஐயா.
நாளைக்கு உங்களுக்கு மாறுதல் வரும்.
அடுத்து வர்றவரு எப்படியோ, யாரு கண்டா?
நீங்க விட்டுட்டுப் போற பழக்கந்தான் அவருக்குச் சட்டம்."
பிறகு, சேலையைப் பிழிந்தபடி,
"பேரு வேணாம். தேதி, தொகை, ரெண்டு கையெழுத்து.
அது போதும்."

சாவியைக் கொடுத்தேன்.
கை லேசானது என்று எழுத ஆசைதான்.
உண்மையில் அன்றிரவு இரண்டு முறை
சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன்.

ஆடியில் இன்னொரு இரவு, இன்னொரு வீடு, அதே ஆட்டோ.
மணலில் கால் புதைய நடந்து
தபீத்தாளை எழுப்ப இருபது நிமிடம்.
வழி முழுக்க இந்த ஏற்பாட்டைத் திட்டினேன்,
அதை உண்டாக்கியவளையும் சேர்த்து.
அவள் கூந்தலை முடிந்தபடி வந்தாள்.
யாருக்கு என்று கேட்கவில்லை.
இரண்டு பூட்டும் திறந்தன.
கையெழுத்துப் போட்டுவிட்டு
முந்தானை முடிச்சை அவிழ்த்து
நூறு ரூபாய் மேலே வைத்தாள்.
"இதை எழுத வேணாம்" என்றாள்.

அவள் சாவி
கடல் தண்ணீரில் நனைந்து நனைந்து துருப்பிடிக்கிறது.
பூட்டுக்கு இப்போதெல்லாம்
மாதம் இருமுறை தேங்காய் எண்ணெய் விடுகிறேன்.
அதையும் கணக்கில் எழுதுகிறேன்:
எண்ணெய், பத்து ரூபாய்.