ஏனையவை

கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி,
டயர்க் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில்
அவருடைய அடுப்பு.
பலேர்மோவில் பதினாலு வருடம் கோப்பை கழுவி
கடைசி நாலு வருடம் மாப் பிசைந்தவராம்.
விண்ணப்பத்தில் அப்படித்தான் இருந்தது:
மரியநேசன் லூயிஸ். கேட்கும் கடன் பன்னிரண்டு இலட்சம்.

வங்கிப் படிவத்தோடு போனேன்.
தொழிலின் வகை:
தேநீர்க்கடை, வெதுப்பகம், அரிசி ஆலை, ஏனையவை.
"முதல் சாப்பிடுங்கோ. பிறகு எழுதுங்கோ."

நாலு மேசை, நாலும் நாலு உயரம்.
சுவரில் இத்தாலி இல்லை.
உரக் கம்பனிக் கலண்டர், மடு மாதா, ஒரு பல்லி.
அடுப்பில் பாலை விறகு நின்று எரிந்தது.
"மரக்காலைத் துண்டு. பற்றுச்சீட்டு இருக்கு"
நான் கேட்க முதலே சொன்னார்.

விசுவமடுத் தக்காளி கரைந்து வந்தது,
அதற்குள் நாடா நாடாவாக அறுத்த மா.
மேலே, எருமைப்பாலைத் திரைய வைத்து
அவரே கட்டித் தொங்கவிட்ட வெள்ளை.
ஒலிவ் எண்ணெயைப் பாணி மருந்து போல அளந்து ஊற்றினார்.
"இடியப்பத்துக்குக் கொழுப்புப் பிடிச்ச மாதிரி"
பக்கத்து மேசை உழவு இயந்திரக்காரர்.
இரண்டாம் தட்டும் கேட்டார், கூடவே
கட்டைச் சம்பலும்.
லூயிஸ் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார்.
கொடுத்தார்.

பிறகு இறால். உள்ளி மணம்.
முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டேன்.
"எந்தத் தண்ணி?"
அவர் கையைத் துடைத்தார், துடைத்த கையையே திரும்பவும்.
"கொக்கிளாய். மற்றதிலை நான் எடுக்கிறேல்லை."

மற்றது எது என்று நான் கேட்கவில்லை.
உழவு இயந்திரக்காரர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.
காற்றாடி சுற்றியது.
யார் முதலில் தொடங்கியது, தெரியாது,
எல்லோரும் சாப்பிட்டோம்.

பின்னேரம் கணக்குப் பார்த்தேன்.
மா, வாடகை, மின்கட்டணம், ஒரு பெடியனின் சம்பளம்.
இலாபம், அவர் விரிக்கும் மாவைப் போல,
பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரிகிறது.
இடர்கள் என்ற கட்டத்தில்
'வாடிக்கையாளர் சம்பல் கேட்கின்றனர்' என்று எழுதி
வெட்டினேன்.
ஏனையவைக்கு நேரே புள்ளடி.
விபரம் எழுத விட்ட கோடு சின்னது.
'இறால், கொக்கிளாய்' என்பதோடு முடிந்துவிட்டது.

படிவத்தின் மூலையில் ஒரு எண்ணெய்ப் பொட்டு.
முகாமையாளர் கண்ணாடியை உயர்த்தி
தாளை மூக்கருகே கொண்டுபோனார்.
"உள்ளி" என்றார்.
பேனையைத் தேடினார்.