டிஷ் சரியாகத்தான் இருந்தது

கோத்தகிரி, மார்க்கெட் ரோட்டு பேக்கரி.
டிவியில், நம் ஊரை எழுதியவர்.
"ஸ்வெட்டர் புதுசு" என்றாள் ரெஜினா
வர்க்கியை எடைபோட்டபடி.
"ஏப்ரலில் உறைபனி கொட்டுதாம் அவர் கதையில்.
கேரட் போட்டவனைக் கேட்டிருக்கலாம்" — ஹாலன்.
லாட்ஜ் மேனேஜர் தாமோதரன் மட்டும்
பழைய பாக்கியைப் பற்றிப் பேசவில்லை,
இன்றைக்கு.

"அந்தப் பெண் ஏன் கடைசிவரை மலையிறங்கவில்லை?"
கேட்டுவிட்டாள் பேட்டி எடுப்பவள்.
அவர் வாயைத் திறந்தார்.
அப்படியே இருந்தார்.

டிஷ்ஷை மிஸ்ட் மூடியிருக்கும் என்று
ஜோகி கூரைக்கு ஓடினான்.
நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்:
அவருக்குப் பின்னால் கடிகாரத்தில்
நொடிமுள் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

இறங்கி வந்தவன் கேட்டான்,
"சரியாயிடுச்சா?"
விளம்பரம் ஓடியது.
ரெஜினா ஒன்றும் சொல்லாமல்
கால் கிலோவுக்கு மேல்
இன்னும் இரண்டு வர்க்கி வைத்தாள்.