எழும்பினால் கறுக்கும் திரை

இரண்டு விநாடி. சிலவேளை மூன்று.
திரை கறுத்து, பிறகு தன்பாட்டில் திரும்பி வரும்.
நான் தட்டிய எண்கள் போட்டபடியே இருக்கும்,
களவெடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கும்
பிள்ளை மாதிரி.

வுப்பர்தால், ஃபோவிங்கல், மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு நேரே தொங்கு ரயில் போகும்.
முதல் சந்தேகம் அதன்மேல்தான்.
இந்த வீட்டில் எந்தக் குற்றத்தையும்
ரயிலின் தலையில் கட்டிவிடுவோம்:
கண்ணாடி அதிர்ந்தாலும் ரயில்,
பால் திரைந்தாலும் ரயில்.

கடைப் பில்லின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன்.
8.14 கறுப்பு. ரயில் 8.16க்கு.
9.40 கறுப்பு. ரயில் இல்லை.
11.05 ரயில். கறுப்பு இல்லை.
ரயிலை விடுதலை செய்தேன்.

அடுத்தது பெட்டி.
பக்கத் தகட்டைக் கழற்றினால்
உள்ளே நாலு வருடத் தூசி,
மிளகாய்த்தூள் மணக்கும் தூசி
(என் அலுவலகமும் குசினியும் ஒரே அறை).
நினைவகத் துண்டுகளைப் பிடுங்கி
மகளின் அழிறப்பரால் அவற்றின் தங்கப் பல்லைத் தேய்த்து
திரும்பச் சொருகினேன்.
காற்றாடி சுழன்றது. கும்பிடாத குறை.
மறுநாள் 9.38. கறுப்பு.

பத்தாம் திகதிக்குள்
எழுபத்திரண்டு பேரின் சம்பளக் கணக்குப் போகவேண்டும்.
திரை கறுத்தது என்று சொன்னால்
வரி அலுவலகம் தவணை தருமா?

மொனிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்து
நான் விடுதலை செய்த அதே ரயிலில் ஏறி
யில்மாஸின் கடைக்குக் கொண்டுபோனேன்.
பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தான்.
ஒருதரமும் அணையவில்லை.
டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளையை
என்னிடமே தூக்கித் தந்தான்.

"நான் இருக்கேக்க ஒருநாளும் கறுக்கேல்லையே"
என்றார் தவச்செல்வன்.
பேக்கரியில் இரவு வேலை.
பின்னேரம் ஐந்திலிருந்து ஒன்பது வரை
இதே திரையில் சதுரங்கம்.
அணைத்துவிட்டுத்தான் எழும்புவார்.

அந்தக் கடைசி வரியை
அப்போது நான் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை, சோறு பொங்கி வழிந்த சத்தத்துக்கு
அடித்துப் பிடித்து எழும்பியபோது
கடைக்கண்ணில் கண்டேன்.
போய் இருந்தேன். எழும்பினேன். கறுப்பு.
இருந்தேன். எழும்பினேன். கறுப்பு.
அடுப்பில் கஞ்சி கருக
ஏழுதரம் எழும்பி இருந்தேன்,
கோயில் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுபவள்போல.

யில்மாஸ் போனில் சிரித்தான்.
கதிரையின் காலுக்குள் காற்றடைத்த குழாய் இருக்கிறதாம்,
பாரம் இறங்கும்போது அது மேலே உதைக்கும்,
அந்த உதைப்பில் ஒரு மின்பொறி கிளம்பும்,
என் கேபிளோ உறை மெலிந்த மலிவுக் கேபிள்,
அந்தச் சின்னப் பொறிக்கே மயங்கிவிடும்.
"ஒன்பது ஈரோ. நல்ல கேபிள் தருகிறேன்."

இரவு வேலைக்குப் புறப்படுமுன் தவச்செல்வன்
மேசையில் கிடந்த பில்லை எடுத்துப் பார்த்தார்.
8.14 என்ன?
மகள் மறந்துவிட்டுப் போன சப்பாத்து.
9.40?
மேல்மாடி ஃபிராவ் ஹென்ஷலின் பார்சல்.
12.10, 12.13, 12.20?
சோறு. சோறு. உங்கட அம்மாவின் போன்.
பில்லின் அடியில் நான் கூட்டி வைத்திருந்தேன்,
கணக்குப் பிள்ளையின் பழக்கதோஷம்:
நாளொன்றுக்கு முப்பத்தொன்பது.

ஒன்றும் சொல்லாமல் சப்பாத்துப் போட்டுக்கொண்டு
படியிறங்கினார்.
பில்லைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டா,
மறந்துபோயா, தெரியவில்லை.

புதுக் கேபிள் தடிப்பு, வளைய மறுக்கிறது.
திரை இப்போது திடமாக நிற்கிறது.
எழும்புகிறேன், கதவைத் திறக்கிறேன், வருகிறேன்,
எழும்புகிறேன், அடுப்பைக் குறைக்கிறேன், வருகிறேன்.
எதுவும் கறுப்பதில்லை.
எத்தனைதரம் என்று இனி
எந்தப் பில்லிலும் இல்லை.