ஐம்பது, அறுபது

இச்சினோமியாவிலிருந்து மித்தோவுக்கு
லாரியில் வந்தவை
ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
போர்வைக்குள் பொதிந்த டர்ன்டேபிள்.
ஃபுஜி ஆற்றைத் தாண்டும்போது
டிரைவர் ஹோஷிகாவா சொன்னார்:
"இனிமேல் கரண்ட்டே வேற."
சிரித்தேன்.
உடோன் சாறும் வேறு என்பார்கள்,
அந்த மாதிரிப் பேச்சு என்று நினைத்து.

மேற்கே மின்சாரம் நொடிக்கு அறுபது முறை துடிக்கும்.
கிழக்கே ஐம்பது.
ஒரே நாடு, ஒரே ப்ளக்,
நாடி மட்டும் இரண்டு.

மோட்டார் என்ன செய்யும்,
போட்ட தாளத்துக்குச் சுற்றுகிறது.
எப்போதும்போலத் தட்டின் ஓரத்துக் கோடுகளை
நியான் விளக்கில் பார்த்தேன்.
பழகிய வளையம் அசையாமல் நின்றது.
சரி என்று முள்ளை இறக்கினேன்.

விளக்கும் அதே ஐம்பதில்தான் சிமிட்டுகிறது என்பது
அப்போது உறைக்கவில்லை.
குற்றவாளியும் சாட்சியும்
ஒரே வீட்டுச் சோறு.

எழுபத்து நாலில் நூற்பாலைப் பெண்கள்
கைக்காசு போட்டு அச்சடித்த இசைத்தட்டு.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டில்
எட்டு வரி நான் தனியாக.
வயது பத்தொன்பது.

வந்தது பத்தொன்பது இல்லை.
கனத்து, இறங்கி,
ஒவ்வொரு சொல்லையும்
கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கிற குரல்.
இன்று காலை கேஸ்காரனிடம்
சண்டை போட்டேனே, அந்தக் குரல்.
மூன்று நிமிஷப் பாட்டு
முப்பத்தாறு நொடி கூடுதலாக நடந்தது.
அந்தக் கூடுதலில்
கடைசி வரிக்கு முன் நான் மூச்சு வாங்குவது கேட்டது.
பக்கத்தில் யாரோ செருமுகிறாள்.
யுக்கியேவாக இருக்கும்.

குரோசு கடையில் எழுநூறு யென்.
பித்தளைக் கப்பி, ஐம்பதுக்கானது,
பழையதைவிட ஓர் அரிசி பருமன்.
"பெல்ட்டும் தொங்கிப்போச்சு, மாத்திடுங்க" என்றார்.
மாற்றினேன்.
ஒரு திருகு, ஒரு சொட்டு எண்ணெய்.
இதுவரை நான் பார்த்தேயிராத
இன்னொரு வளையம்
நகர்ந்தது, தயங்கியது,
நின்றது.

இப்போது பத்தொன்பது வயதுக்காரி பாடுகிறாள்,
துடுக்காக, யாருக்கும் காத்திராமல்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
வேகம் சரி.

பழைய கப்பியைத் தூக்கிப் போடவில்லை.
பொத்தான் டப்பாவில் கிடக்கிறது.
மழை பிடித்த ஞாயிறுகளில்
நான் திருப்புளியைக் கையில் எடுத்தாலே
பூனை எழுந்து
அடுத்த அறைக்குப் போய்விடுகிறது.