பார் கிழித்தது

"பார் கிழிச்சிருச்சுக்கா" என்றாள்.
சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிறவர்கள்
எல்லாரும் சொல்வதுதான்.
விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி,
மூச்சைப் பிடித்து இறங்கும் பெண்களின் கைகளை
ஒன்பது வருடமாகத் துடைத்துக் கட்டுகிறேன்.
பார் கிழித்தால் கோணலாய்க் கிழிக்கும்,
உள்ளே ஒரு துளி மணல் வைத்து அனுப்பும்.
இதில் மணல் இல்லை.
யாரும் கடலில் இறங்காத வாடை மாதம் வேறு.

அனிஷ்டா. பன்னிரண்டாம் வகுப்பு.
சீட்டில் காயம் என்று மட்டும் எழுதினேன்.

முன்பு ஒருத்தன் வந்தான், கலந்தர்,
ஐஸ் கம்பெனியில் வேலை.
"கிறுக்காடா உனக்கு?" என்று
பஞ்சை அழுத்தியபடியே கேட்டேன்.
பெத்தவங்களை நினைச்சியா என்றும் கேட்டேன்.
மறுகட்டுக்கு அவன் வரவில்லை.
பத்து நாள் கழித்துச் சீழோடு
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.
கை பிழைத்தது.
என்னைப் பஸ்ஸில் பார்த்தால் இன்றைக்கும்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

அதனால் கேள்வியை விழுங்கிவிட்டுக்
குழாயைத் திறந்தேன்.
நல்ல தண்ணீர், மெல்ல, காயத்தின் மேல் ஓடட்டும்.
பிறகு சலைன்.
"எரியும். எரிஞ்சா சொல்லு, நிறுத்துறேன்."
சொன்னாள். நிறுத்தினேன்.
அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்,
நிறுத்தச் சொன்னால் நிற்கும் ஒன்றை
முதல்முறை பார்ப்பவள் போல.

தையல் தேவையில்லை. மருந்து, காஸ், பிளாஸ்திரி, ஒரு ஊசி.
பாலத்தில் ரயில் ஏறி இறங்கும் வரை
இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"சாகணும்னு இல்லக்கா.
உள்ள ஒரே இரைச்சல். சொல்ல ஆளு இல்ல.
அம்மாட்ட சொல்லிருவீங்களா?"

மாட்டேன் என்று பொய் சொல்ல
நாக்கு நுனி வரை வந்தது.
"சொல்லணும். உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு.
எந்த வார்த்தையில சொல்லச் சொல்றியோ
அந்த வார்த்தையில."
அழுதாள். என்மேல் கோபமும் பட்டாள்.
மனநல டாக்டர் உட்காரும் கிழமையைப்
பிளாஸ்திரி மேலேயே எழுதினேன்.
சீட்டு என்றால் கிழித்துப் போட்டிருப்பாள்.

அம்மா பிலோமினா வந்தாள்,
மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு.
அடிக்கத்தான் கை ஓங்கினாள்.
கட்டைக் கண்டதும் அந்தக் கை
போகிற இடம் தெரியாமல் நின்று,
மகளின் தலைமயிரில் இறங்கியது.
செதில் ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டது.

மாசியில் கடல் அடங்கிற்று.
நொண்டிக்கொண்டு வந்தாள்.
பெருவிரலில் கோணல் கிழிசல், உள்ளே மணல்.
"இது நெசமாவே பார்தான்க்கா!"
வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கச் சிரித்தோம்.
சிரிப்பு அடங்கியதும்
நான் கேட்காமலே சுடிதார் கையை மடித்தாள்.
பழையவை வெளுத்திருந்தன.
ஒன்று மட்டும் போன வாரத்தது.
மறைக்கவில்லை.

குழாயைத் திறந்தேன்.