வருகைப் பதிவேட்டின் பின்பக்கம்

வட்டார சாலைப் பாதுகாப்புக் குழு.
விழிப்புணர்வு வகுப்பு எண் பதினேழு.
இடம்: திருப்பாலைக்குடி மீன் ஏலக்கூடம்.
காலை பத்து மணி என்று நோட்டீஸ் அடித்திருந்தோம்.
பத்துக்குப் போனால் தரையில் செதில்தான் இருந்தது.
மறு வாரம் ஆறரைக்கே போனோம்.

திரை கட்டினோம்.
கச்சான் காற்று அதைப் பாயாக்கி இழுத்தது.
"இந்தக் காத்துக்கு நெடுந்தீவே போயிரலாம் சார்"
என்றது ஒரு குரல்.
ஆய்வாளரும் சிரித்துவிட்டார்.

தர்பூசணி ஒன்றைத் தலைக்கவசத்துக்குள் வைத்துப்
போட்டுக் காட்டினார். உடையவில்லை.
வெறும் தர்பூசணியைப் போட்டார்.
சிதறியதை ஆடு வந்து தின்றது.
ஆட்டைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அப்போது எழுந்தாள் நம்புசெல்வி.
வெளியே அவள் டி.வி.எஸ். ஐம்பது,
முன்னால் ஐஸ் பெட்டி, பின்னால் அன்னக்கூடை.
"கவசம் போட்டுத்தான் சார் விழுந்தேன்.
மீன் லாரி ஒழுக்கிட்டுப் போற தண்ணி
உப்பூர் வளைவுல சோப்பு மாதிரி கெடக்கு.
அது உங்க படத்துல வருமா?"

ஆய்வாளர் படத்தை நிறுத்தினார்.
"எழுதுங்க" என்றார் என்னிடம்.

பதிவேட்டில் இடமில்லை:
முப்பத்தொரு கையெழுத்து, ஒன்பது கைநாட்டு.
தாளைத் திருப்பினேன்.

லாரிக்கார சீனி உதுமான்
செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னது:
தொட்டி இருக்கு. ரொம்பினா எடை ஏறும்.
செக்போஸ்ட்டுக்கு முந்தி தொறந்து விட்ருவோம்.

கருவேலம் வளைவை மறைக்குது,
போன வருசம் வெட்டினாங்க,
ரெண்டு மழையில தலைக்கு மேல வந்திருச்சு.

விடியக்காலம் ராமேஸ்வரம் போற வேன்.
டிரைவருக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் பாக்கி.
அவன் கண்ணுக்குக் கோபுரம் தெரியும்,
நாங்க தெரிய மாட்டோம்.

பின்வரிசையில் யாரோ ஒரு பெயரைச் சொன்னார்கள்.
சொன்னதும் பேச்சு நின்றது.
எழுதச் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.
பேனா தாளைத் தொட்டபடியே நின்றிருக்கிறது;
அந்த இடத்தில் மைப்புள்ளி ஒன்று,
இன்றும் இருக்கிறது கோப்பில்.

பிறகு ஏல மணி அடித்துவிட்டார்கள்.
நகரையும் சூடையும் வந்து கொட்ட,
புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினோம்.

'வகுப்பு இனிதே நிறைவுற்றது' என்று
படிவத்தில் முன்பே அச்சாகியிருக்கும்.
பயனடைந்தோர் எண்ணிக்கைதான் நாங்கள் நிரப்ப வேண்டியது.
"நாப்பதுன்னு போட்ரவா சார்?"

அவர் ஜீப்பை வடக்கே விடச் சொன்னார்.
உப்பூர் வளைவில் இறங்கி
பூட்ஸ் நுனியால் தார்ச்சாலையைத் தொட்டுப் பார்த்தார்.
வழுக்கியது.
சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மீன் வாடை. தூரத்தில் ஒரு ஹாரன்.

"ரெண்டுன்னு போடுங்க" என்றார்.